ஆராய்ச்சிக்காரங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா – வாசகர் கேள்விகள், அக்காவோட பதில்கள்

போன இதழ்ல ஒரு வாசகிக்குப் பதில் சொல்றப்ப "மருத்துவ ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டு வந்தா கதவ சாத்தாதீங்க, உக்கார வச்சு கேள்வி கேளுங்க"ன்னு ஒரே ஒரு வரி எழுதினேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நெனைக்கவே இல்ல. கோவமா சிலது, பயந்து சிலது, ஒரு பொண்ணு நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கா. பன்னெண்டு வருஷம் ஸ்டடி வேலைக்காக ஊர் ஊரா நடந்தவ நான், அதனால இந்த மாசம் மத்த கேள்வியெல்லாம் ஓரமா வச்சிட்டு இத மட்டும் எடுத்துக்கறேன்.

கேள்வி: எங்க ஊருக்கு ஒரு மெடிக்கல் காலேஜ்ல இருந்து வந்து, சர்க்கரை நோய் ஸ்டடி, வீட்டுக்கு ஒருத்தர் ரத்தம் குடுக்கணும், அஞ்சு வருஷம் வருஷா வருஷம் வருவோம்னு சொன்னாங்க. மாமனார் "எங்கள எலின்னு நெனச்சீங்களா"ன்னு கத்தி அனுப்பிட்டார். எனக்கு சேரலாம்னு தோணுது. என்ன பண்ணட்டும் அக்கா? – வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

மாமனார் மேல கோவப்படாதீங்கம்மா, அவர் பயம் சும்மா வந்தது இல்ல. 2009ல அப்போ ஆந்திராவுல இருந்த கம்மம் மாவட்டத்துலயும் குஜராத்ல வதோதராவுலயும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசிய ஆயிரக்கணக்கான பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு ஆய்வுத் திட்டமா போட்டாங்க. பத்துல இருந்து பதினாலு வயசுப் புள்ளைங்க, கம்மத்துல பல பேர் பழங்குடி ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவங்க. அம்மா அப்பா கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து இருந்துச்சு. 2010 ஏப்ரல்ல அரசாங்கமே நிறுத்திடுச்சு, 2013ல நாடாளுமன்றக் குழு ரொம்பக் கடுமையா அறிக்கை குடுத்துச்சு. அந்த ஊசி நல்ல ஊசி, ஊசி போட்ட புள்ளைங்கள்ல நடுவுல நடந்த சாவுகளுக்கும் ஊசிக்கும் சம்பந்தம் தெரியலன்னுதான் விசாரணைலயும் சொன்னாங்க, நான் இன்னிக்கும் அந்த ஊசிய போட்டுக்கங்கன்னுதான் சொல்வேன். ஆனா புள்ளையப் பெத்தவங்களக் கேக்காம போட்டது பெரிய தப்பு. அந்தத் தப்பால நல்ல ஊசி மேலயே சந்தேகம் விழுந்து பல வருஷம் போச்சு.

நானே பண்ண தப்பு ஒண்ணு சொல்றேன். வேலைக்கு சேந்த மொத வருஷம், சாயங்காலத்துக்குள்ள பதினஞ்சு கன்சென்ட் ஃபார்ம் (ஆராய்ச்சில சேர சம்மதம்னு கையெழுத்து வாங்கற தாள்) முடிக்கணும்னு மேல இருந்து நெருக்கடி. ஒரு வீட்டுத் திண்ணைல ஒரு பாட்டி மல்லாட்டை உரிச்சிட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து மூணு பக்கத்தையும் மடமடன்னு படிச்சேன், பாட்டி தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க, கைய முந்தானைல தொடச்சிட்டு கட்டை விரல நீட்டினாங்க. மை தடவி வச்சு எடுத்ததும் "பணம் எப்ப கண்ணு வரும், ஒண்ணாந் தேதியா?"ன்னு கேட்டாங்க. முதியோர் பென்ஷனுக்கு எழுதிக்கறேன்னு நெனச்சிருக்காங்க. எனக்கு உடம்பே கூசிப் போச்சு. அந்த ஃபார்ம ரத்துன்னு எழுதிட்டு மறுநாள் திரும்பப் போனேன், நானும் கூட உக்காந்து மல்லாட்டை உரிச்சேன், பேப்பர கீழ வச்சிட்டு வாயால சொன்னேன், முக்கா மணி நேரம் ஆச்சு. எல்லாம் கேட்டுட்டு பாட்டி "ரத்தம் வேணாம் கண்ணு, எடை வேணா பாத்துக்கோ"ன்னாங்க. அந்த "வேணாம்" வந்தப்பதான் இவங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

அதனால நீங்க என்ன பண்ணுங்க, அடுத்த தடவ வர்றப்ப மாமனாரையும் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க. எத்தன மில்லி ரத்தம், அது எங்க போகுது, எத்தன வருஷம் வச்சிருப்பீங்க, ரிசல்ட் எங்க கைக்கு வருமா, சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சா வைத்தியத்துக்கு எங்க அனுப்புவீங்க, நடுவுல நிறுத்திக்கறேன்னா அந்த ஆஸ்பத்திரில எங்க வைத்தியம் ஏதும் கெடுமா, இதெல்லாம் கேளுங்க. கடைசிக் கேள்விக்கு "கெடாது, எப்ப வேணா விலகலாம்"ங்கறது ஒண்ணுதான் சரியான பதில். எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆராய்ச்சி நியாயமா நடக்குதான்னு பாக்கற குழு, குடுத்த அனுமதிக் கடிதத்தையும் பாக்கக் கேளுங்க. புது மருந்த ஆளுங்களுக்குக் குடுத்து சோதிக்கற டிரையல்களுக்கு 2019ல வந்த விதிப்படி அந்தக் கமிட்டில குறைஞ்சது ஏழு பேர் இருக்கணும், அதுல ஒரு பொம்பளையும், ஒரு சட்டம் தெரிஞ்சவரும், டாக்டரோ விஞ்ஞானியோ இல்லாத ஒரு சாதாரண ஆளும் கட்டாயம். டிரையலால உடம்புக்குக் கெடுதல் வந்தா இலவச வைத்தியமும் நஷ்ட ஈடும் உண்டு. உங்க ஊருக்கு வந்தது மருந்து டிரையல் இல்ல, வெறும் ரத்தம் எடுத்துப் பாக்கற ஸ்டடி, அதுல ஆபத்து ரொம்பக் கம்மி. இருந்தாலும் கையெழுத்துப் போட்ட ஃபார்மோட காப்பி ஒண்ணு உங்க வீட்டு பீரோவுல இருக்கணும். குடுக்க மாட்டேன்னா சேராதீங்க.

கேள்வி: எங்க பாட்டிக்கு சின்ன வயசுல டி.பி. வந்து, சேத்துப்பட்டுல இருந்து மாத்திரை குடுத்து வீட்டுலயே குணமாச்சுன்னு சொல்வாங்க. "எங்கள வச்சுத்தான் உலகத்துக்கே கண்டுபிடிச்சாங்க"ன்னும் பெருமையா சொல்வாங்க. பாட்டி சும்மா சொல்றாங்கன்னு நாங்க விட்டுட்டோம். உண்மையா? – வாசகர், சென்னை

பாட்டி ஒரு எழுத்து கூட மிகையா சொல்லல தம்பி. இத எழுதறப்ப எனக்கு நெஞ்சு நிறையுது.

அம்பதுகள்ல டி.பி.ன்னா சானடோரியம்தான். நல்ல காத்து, முட்டை பாலு, மாசக்கணக்குல படுக்கை, அதுதான் வைத்தியம்னு உலகம் பூரா நம்பினாங்க. நம்ம நாட்டுல நோயாளிங்க லட்சக்கணக்குல, படுக்கைங்க சில ஆயிரம். இடம் கெடைக்கறதுக்குள்ள ஆளு போயிடும். அப்பதான் ஐசோநயாசிட், பி.ஏ.எஸ்.ன்னு மருந்துங்க வந்திருந்துச்சு. மருந்து இருக்கறப்ப படுக்கை எதுக்கு, வீட்டுலயே குடுத்தா என்ன? இதுதான் கேள்வி. ஆனா வீட்டுல இருந்தா பொண்டாட்டி புள்ளைக்கு ஒட்டிக்குமேங்கற பயம் எல்லாருக்கும் இருந்துச்சு.

1956ல மெட்ராஸ்ல இதுக்குன்னே ஒரு சென்டர் ஆரம்பிச்சாங்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேந்து. வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு டாக்டர் இங்கிலாந்துல இருந்து வந்து நடத்தினார். சேத்துப்பட்டுல இன்னிக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்னு போர்டு போட்டிருக்கே, அதோட ஆரம்பம் இதுதான். 193 நோயாளிங்க, எல்லாரும் நகரத்து ஏழைங்க. யாரு வீட்டுல, யாரு சானடோரியத்துலன்னு டாக்டர் தன் இஷ்டத்துக்குப் பிரிக்கல, குலுக்கல் மாதிரி பிரிச்சாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சானடோரியத்துல நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. வீட்டுல இருந்தவங்க நெரிசலான ஒண்டுக் குடித்தனத்துல, அரை வயித்துச் சாப்பாட்டோட, பல பேர் வேலைக்கும் போயிட்டு. மாத்திரைய முழுங்கறாங்களா இல்ல கூரைல சொருகி வைக்கறாங்களான்னு பாக்க நர்ஸம்மாங்க சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வருவாங்க, மிச்ச மாத்திரைய எண்ணுவாங்க, சிறுநீரும் வாங்கிட்டுப் போயி டெஸ்ட் பண்ணுவாங்க. உங்க பாட்டி கிட்ட அந்த நர்ஸம்மா வந்தது ஞாபகம் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

ஒரு வருஷம் கழிச்சு சளில கிருமி அடங்கினது வீட்டுல 86 சதவீதம் பேருக்கு, சானடோரியத்துல 92 சதவீதம் பேருக்கு. பெரிய வித்தியாசம் இல்ல. அப்புறம் அந்தக் குடும்பத்து ஆளுங்களையும் விடாம அஞ்சு வருஷம் பாத்தாங்க. வீட்டுலயே வைத்தியம் பாத்தவங்களோட குடும்பத்துக்கு அதிகமா ஒண்ணும் ஒட்டல, ஏன்னா ஒட்ட வேண்டியது மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒட்டிடுது, மருந்து உள்ள போனதும் பரப்பற சக்தி சீக்கிரமே அடங்கிடுது. 1959ல ரிசல்ட் வெளிவந்துச்சு. அதுக்கப்புறம் உலகம் பூரா சானடோரியம் ஒவ்வொண்ணா மூடினாங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும், ஆள் முன்னாடி நின்னு மாத்திரை முழுங்க வைக்கற முறையையும் அறுபதுகள்ல இதே சென்டர்லதான் செஞ்சு காட்டினாங்க, பின்னாடி உலகம் முழுக்கப் போன டாட்ஸ் முறைக்கு அது ஒரு வேர்.

பாட்டி இன்னும் இருந்தா அவங்க சொல்றத எல்லாம் போன்ல பதிவு பண்ணி வைங்க தம்பி. ரிசல்ட் பேப்பர்ல டாக்டருங்க பேரு இருக்கும். அந்த 193 பேரும் வெறும் எண்தான்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு டி.பி., மருந்து சாப்பிடறார். சத்தா சாப்பிடணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா போன்ல நீங்க சொன்ன மெட்ராஸ் ஆராய்ச்சில சாப்பாடு முக்கியம் இல்லன்னு வந்துச்சாமே? – வாசகி, விருதுநகர்

(இவங்க எனக்கு முன்னாடியே போன்ல பேசினவங்க, அதான் மெட்ராஸ் கதை தெரியும்.) நல்ல கேள்விம்மா, டாக்டருங்களே பல பேர் இங்க தடுக்கி விழுந்திருக்காங்க. மெட்ராஸ்ல பாத்தது மருந்து முழுசா சாப்பிட்டா சுமாரான சாப்பாட்டுலயும் கிருமி அடங்குமாங்கறத. அடங்குச்சு. அதக் கேட்டுட்டு "அப்ப சாப்பாடு ரெண்டாம்பட்சம்"னு விட்டுட்டாங்க. பசில கெடக்கற வீட்டுல புதுசா நோய் வராம தடுக்க முடியுமாங்கறது வேற கேள்வி, அத யாரும் ஒழுங்கா கேட்டுப் பாக்கல.

அறுபது வருஷம் கழிச்சு ஜார்க்கண்ட்ல நாலு மாவட்டத்துல கேட்டாங்க. 2019ல ஆரம்பிச்ச ஸ்டடி, நம்ம சேத்துப்பட்டு நிறுவனமும் அதுல கூட்டு. 2,800 டி.பி. நோயாளிங்க, அவங்க வீட்டு ஆளுங்க 10,345 பேர். நோயாளிங்க எல்லாருக்கும் மாசா மாசம் உணவுப் பை குடுத்தாங்க, அதுல பாரபட்சம் இல்ல. பாதி குடும்பங்கள்ல மட்டும் வீட்டு ஆளுங்களுக்கும் சேத்துக் குடுத்தாங்க, பெரியவங்க ஒருத்தருக்கு மாசம் அஞ்சு கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம்பருப்பு, கூட சத்து மாத்திரை. அவ்ளோதான், நம்ம ரேஷன் பை மாதிரிதான். அந்தக் குடும்பங்கள்ல புதுசா டி.பி. வர்றது 39 சதவீதம் கம்மியாச்சு, அதுலயும் மத்தவங்களுக்குப் பரவற வகை 48 சதவீதம் கம்மி. 2023ல வெளியாச்சு. பருப்பும் அரிசியும் ஒரு தடுப்பூசி அளவுக்கு வேலை செஞ்சிருக்கு. நோயாளிக்கு மொத ரெண்டு மாசத்துல எடை ஏறினா சாவு அபாயமும் நல்லாக் குறையுதுன்னும் அதுலயே பாத்தாங்க.

அதனால வீட்டுக்காரர மாசம் ஒரு தடவ எடை பாருங்க, நோட்டுல எழுதுங்க. அவருக்கு மட்டும் முட்டை வச்சிட்டு நீங்களும் புள்ளைங்களும் ரசஞ்சோறோட நிறுத்திக்காதீங்க, நான் பாத்த வீடுகள்ல அம்மாக்கள் எல்லாம் இதத்தான் செய்வாங்க. அரசாங்கம் டி.பி. நோயாளிக்கு உணவுக்காக பேங்க்ல போடற பணம் வருதான்னு பி.எச்.சி.ல கேளுங்க, வரலன்னா விடாம கேளுங்க.

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் எங்க கிராமத்துல 1970 வாக்குல எல்லாருக்கும் பி.சி.ஜி. ஊசி போட்டாங்கன்னு அப்பா சொல்வார். அது ஃபெயிலான ஆராய்ச்சின்னு படிச்சேன். அப்போ எல்லாம் வீண்தானா? – வாசகர், திருவள்ளூர்

வீண் இல்ல. 2,80,000க்கும் மேல ஆளுங்களுக்கு பி.சி.ஜி. இல்லன்னா வெறும் ஊசின்னு பிரிச்சுப் போட்டு, பதினஞ்சு வருஷம் திரும்பத் திரும்ப அதே வீடுங்களுக்குப் போயி பாத்தாங்க. பெரியவங்களுக்கு நுரையீரல் டி.பி. வராம பி.சி.ஜி. தடுக்கலன்னு வந்துச்சு. உலகமே நம்பிட்டு இருந்த ஒண்ணு தப்புன்னு அவ்ளோ பெரிய ஸ்டடில தெரிஞ்சது சின்ன விஷயமா சொல்லுங்க. குழந்தைங்களுக்கு மூளைல வர்ற டி.பி., உடம்பெல்லாம் பரவற டி.பி. ரெண்டையும் அது தடுக்குது, அதனாலதான் பொறந்த உடனே இன்னிக்கும் போடறோம், அத நிறுத்திடாதீங்க. பெரியவங்களுக்கு வேற தடுப்பூசி வேணும்னு இன்னிக்கு உலகம் தேடிட்டு இருக்கறதுக்கு உங்கப்பா ஊரும் ஒரு காரணம்.

கேள்வி: எங்க அம்மா 2000 வாக்குல திண்டுக்கல் பக்கம் ஒரு கேம்ப்ல "வினிகர் டெஸ்ட்" பண்ணிக்கிட்டாங்க, கர்ப்பப்பைல ஆரம்ப நிலைல ஏதோ இருந்து அங்கயே சரி பண்ணிட்டாங்க. பக்கத்து ஊர்ல எங்க சித்திக்கு டெஸ்ட் பண்ணவே இல்ல, கண்ட்ரோல் குரூப்னு (ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக டெஸ்ட் பண்ணாம விட்ட பக்கம்) பின்னாடி தெரிஞ்சுது. இது நியாயமா? – வாசகி, ஒட்டன்சத்திரம்

இந்தக் கடிதத்த மூணு தடவ படிச்சேன்.

அந்த டெஸ்ட் எப்படின்னா, ட்ரெய்னிங் எடுத்த நர்ஸ் கர்ப்பப்பை வாய்ல வினிகர் மாதிரியான நீர்த்த அசெட்டிக் ஆசிட்ட பஞ்சுல தொட்டுத் தடவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்துப் பாப்பாங்க, கெட்டுப் போன இடம் வெள்ளையாத் தெரியும். லேப் வேணாம், ரெண்டாவது தடவ வர வேணாம். 114 இடமா பிரிச்சு பாதி இடத்துல இத செஞ்சாங்க, 30ல இருந்து 59 வயசு வரைக்கும் 31,000க்கும் மேல பெண்கள் பண்ணிக்கிட்டாங்க. மீதி பாதி இடத்துல வழக்கமா என்ன உண்டோ அதுதான், அதாவது ஏதாவது தொந்தரவுன்னா ஆஸ்பத்திரிக்குப் போறது. 2007ல ரிசல்ட், டெஸ்ட் பண்ண பக்கம் இந்தப் புற்றுநோய் 25 சதவீதம் கம்மி, அதனால சாவு 35 சதவீதம் கம்மி. ஒரு நர்ஸும் ஒரு கிண்ணம் ஆசிட்டும் உயிரக் காப்பாத்தும்னு அப்பதான் உறுதியாச்சு, இன்னிக்கு நம்ம பி.எச்.சி.ங்கள்ல இந்த டெஸ்ட் இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனா மறுபக்கத்து ஊர்ங்கள்ல செத்தவங்களும் இருந்தாங்க. இத வச்சு பெரிய வாதம் நடந்துச்சு. ஒரு பக்கம், அப்ப நாட்டுல எங்கயும் இந்த டெஸ்ட் இல்ல, அதனால அவங்களுக்கு இருந்த எதையும் பிடுங்கலன்னு சொன்னாங்க. இன்னொரு பக்கம், கர்ப்பப்பை வாய் சோதனை உயிரக் காக்கும்னு வேற நாட்டுல முன்னாடியே தெரியும், தெரிஞ்சும் பாதிப் பேர வெறுமனே பாத்துட்டு இருக்கலாமான்னு கேட்டாங்க. எனக்கு ரெண்டாவது பேச்சுதான் மனசுல தைக்குது. இந்த டெஸ்ட் நம்ம ஊர் நிலைமைல வேலை செய்யுமான்னு யாருக்கும் உறுதியாத் தெரியாதுங்கறது நிஜம், ஒப்பிடாம தெரிஞ்சுக்கவும் முடியாது. ஆனா ஒப்பிடற பக்கத்து பெண்களுக்கும் அப்ப உலகத்துல இருந்த ஏதாவது ஒரு சோதனைய குடுத்து ஒப்பிட்டிருக்கலாம். சித்திக்கு இப்ப எத்தன வயசோ, இன்னும் டெஸ்ட் பண்ணலன்னா இந்த வாரமே நீங்களே கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: எனக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்குத் தகுந்த எடையான்னு பாக்கற கணக்கு) 24. சார்ட்டுல நார்மல்னு போட்டிருக்கு, டாக்டர் எடை குறைங்கறார். யாரு சரி? – வாசகர், ஈரோடு

டாக்டர் சரி. அந்த சார்ட் வெள்ளக்காரங்கள வச்சு வந்தது. ஆசியா ஆளுங்களுக்கு எடை கம்மியா இருக்கறப்பவே சர்க்கரையும் இதய நோயும் வருதுன்னு 2002ல சிங்கப்பூர்ல கூடின உலக சுகாதார நிறுவனத்து நிபுணர் குழு பாத்து, நமக்கு 23லயே உஷாராகணும்னு சொன்னாங்க. தொப்பைய அளந்து பாருங்க.

கேள்வி: என் பையனுக்கு பேதி ஆனப்ப ஓ.ஆர்.எஸ். பாக்கெட்தான் (தண்ணில கரைச்சுக் குடிக்கற உப்பு-சர்க்கரைப் பொடி) காப்பாத்துச்சு. இது அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு மாடி வீட்டு சார் சொல்றார், வங்காளின்னு எங்க டீச்சர் சொல்றாங்க. யாரு அக்கா? – வாசகி, திருச்சி

ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி. காலராவுல ஆளு சாகறது தண்ணியும் உப்பும் வெளிய போறதால. 1960கள்ல ட்ரிப்ஸ்தான் ஒரே வழி, அது கிராமத்துல ஏது. குடலுக்குள்ள உப்பு தனியா போனா உள்ள ஏறாது, சர்க்கரை கூட இருந்தா அது உப்பையும் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகும், பின்னாடியே தண்ணியும் போகும், பேதி ஆகறப்பக் கூட இந்த வழி அடைபடறது இல்ல. டாக்கால இருந்த காலரா ஆராய்ச்சிக் கூடத்துல 1968ல டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ்னு ரெண்டு இளம் அமெரிக்க டாக்டருங்க அங்க இருந்த வங்காள டாக்டருங்களோட சேந்து நோயாளிங்களுக்குக் குடிக்கக் குடுத்துப் பாத்து, ட்ரிப்ஸ் தேவை ரொம்பக் குறையுதுன்னு காட்டினாங்க. இருந்தும் பெரிய டாக்டருங்க நம்பல, நர்ஸ் டாக்டர் பக்கத்துல இல்லாம இத குடுக்க முடியுமான்னு சந்தேகம்.

1971ல போர். கிழக்கு வங்காளத்துல இருந்து லட்சக்கணக்கான பேர் எல்லை தாண்டி வந்துட்டாங்க, பன்கான் ஊர்ல அகதி முகாம், காலரா. கொல்கத்தால இருந்து போன திலீப் மஹலனாபிஸ் ஆஸ்பத்திரித் தரைல மனுஷங்க வாந்திலயும் பேதிலயும் கெடக்கறதப் பாத்தார், ட்ரிப்ஸ் பாட்டில் தீந்துட்டே வருது. கொல்கத்தால ஒரு அறைல உக்காந்து லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, ரெண்டரை கிராம் சோடா உப்புன்னு நிறுத்து பாலித்தீன் பைல அடைச்சாங்க. முகாம்ல டிரம்ல கரைச்சு வச்சாங்க. அம்மா, அண்ணன், மாமன், யாரு கூட இருக்காங்களோ அவங்களே தம்ளர்ல மொண்டு மொண்டு ஊத்தினாங்க. நூத்துல முப்பது பேர் வரைக்கும் போயிட்டு இருந்த முகாம்ல சாவு நூத்துக்கு நாலுக்கும் கீழ எறங்குச்சு. இது குலுக்கல் போட்ட டிரையல் இல்ல, போடவும் நேரம் இல்ல. 1973லதான் பேப்பரா வெளியாச்சு. அவர் 2022 அக்டோபர்ல எறந்தார், அதுக்கப்புறம்தான் பத்ம விபூஷண் வந்துச்சு. உயிரோட இருந்தப்ப குடுத்திருக்கணும்.

இதுக்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஏன்னா அது எங்கள மாதிரி ஃபீல்டு ஆளுங்க கதை. பங்களாதேஷ்ல பிராக்னு ஒரு அமைப்பு 1980ல ஆரம்பிச்சு பத்து வருஷம், வீடு வீடா ஒரு கோடிக்கும் மேல குடும்பங்களுக்கு பெண் பணியாளர்கள அனுப்புச்சு. பாக்கெட் இல்லாத வீட்டுல மூணு விரலால ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி, அந்த அம்மாவையே கரைக்க வச்சு, அவங்களயே சொல்ல வச்சு. சம்பளம் எப்படின்னா, எத்தன வீடு போனங்கறதுக்கு இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒருத்தர் போயி சில வீடுகள்ல கேப்பாங்க, அந்த அம்மாவுக்கு எவ்ளோ ஞாபகம் இருக்கோ அதுக்குத் தகுந்த காசு. ஃபார்ம் எண்ணிக்கைக்காக ஓடின என்ன மாதிரி ஆளுக்கு இது எவ்ளோ பெரிய பாடம்னு யோசிச்சுப் பாருங்க! அப்பவும் ஒரு சிக்கல், அம்மாங்க எல்லாம் சரியா சொல்றாங்க, ஆனா புள்ளைக்குப் பேதி வந்தா குடுக்க மாட்டேங்கறாங்க. ஏன்னு தோண்டிப் பாத்தா, சொல்லித் தர்ற பணியாளர்களுக்கே அதுல நம்பிக்கை இல்ல, தனக்குப் பேதின்னா அவங்க மாத்திரை வாங்கித்தான் சாப்பிட்டிருக்காங்க. அதோட வீட்டு ஆம்பளைங்க கிட்ட யாரும் பேசவே இல்ல. மொதல்ல பணியாளர்களுக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு உக்கார வச்சு விளக்கினாங்க, அப்புறம் டீக்கடை, மசூதி, சந்தைன்னு ஆம்பளைங்க கூடற இடத்துக்கும் போனாங்க, பழக்கம் பரவ ஆரம்பிச்சுது. (நீங்க வெல்லத்த வச்சு குத்துமதிப்பா கரைக்காதீங்க, நமக்கு பாக்கெட் பி.எச்.சி.லயும் அங்கன்வாடிலயும் சும்மாவே கெடைக்குது, பாக்கெட்ல போட்டிருக்கற அளவு தண்ணி, கூடவும் வேணாம் குறையவும் வேணாம், ஜிங்க் மாத்திரையும் கேட்டு வாங்குங்க.)

கேள்வி: சிங்கப்பூர்ல வேலை பாக்கறேன். தம்பிக்கு வலிப்பு, ஒரு மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மரபணு டெஸ்ட் எடுக்கணும்ங்கறாங்க. ஊர்ல இதே மாத்திரைய எந்த டெஸ்ட்டும் இல்லாம குடுக்கறாங்களே, காசு பிடுங்கற வேலையா? – வாசகர், சிங்கப்பூர்

இல்ல தம்பி. மாத்திரை கார்பமசெப்பின்தானே? லட்சக்கணக்கான பேர் நல்லபடியா சாப்பிடற மருந்து அது. ஆனா அபூர்வமா சிலருக்கு தோல் தீக்காயம் மாதிரி உரிஞ்சு வாய் கண் எல்லாம் புண்ணாகி உயிருக்கே ஆபத்தாயிடும், ஸ்டீவன்ஸ்-ஜான்சன்னு பேரு. தைவான்ல அது ஏன் அதிகமா வருதுன்னு தேடினவங்க 2004ல கண்டுபிடிச்சாங்க, அப்படி உரிஞ்ச 44 பேர்ல 44 பேருக்கும் எச்.எல்.ஏ-பி 15:02ங்கற ஒரே மரபணு வகை இருந்துச்சு, மருந்து ஒத்துக்கிட்டவங்கள்ல நூத்துக்கு மூணு பேருக்குத்தான். இது ஐரோப்பாக்காரங்க கிட்ட கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதனால அங்க எத்தன ஸ்டடி பண்ணியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது. அப்புறம் தைவான்ல 23 ஆஸ்பத்திரில 4,877 பேருக்கு மொதல்ல டெஸ்ட், அந்த வகை இருந்தவங்களுக்கு வேற மருந்து. பழைய கணக்குப்படி பத்துப் பேருக்காவது வந்திருக்கணும், ஒருத்தருக்குக் கூட வரல. சிங்கப்பூர்ல 2013ல இருந்து ஆசியா நோயாளிங்களுக்கு இத முதல்லயே பாக்கறாங்க. டெஸ்ட் எடுங்க. ஊர்ல ஏற்கனவே பல மாசமா இந்த மாத்திரைய பிரச்சனை இல்லாம சாப்பிடறவங்க இதப் படிச்சிட்டு திடீர்னு நிறுத்திடாதீங்க, வலிப்பு திரும்ப வந்துடும், அந்தத் தோல் பிரச்சனை பெரும்பாலும் மொத ரெண்டு மூணு மாசத்துக்குள்ள வர்றது.

கேள்வி: அக்கா, நான் பயோகெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம். (நாலு பக்கக் கடிதத்த சுருக்கியிருக்கேன்.) எங்க காலேஜ் லேப்ல ஒரு சென்ட்ரிஃப்யூஜ் கூட சரியா ஓடல, பெரிய லேப் இல்லாம ஆராய்ச்சிக்கு வர முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் வேற ஏதாவது பாக்கறது நல்லதா? – வாசகி, நாகர்கோவில்

பாப்பா, சம்பு நாத் டேன்னு ஒருத்தர் இருந்தார், கொல்கத்தால நோயியல் டாக்டர். காலராக் கிருமிய ராபர்ட் கோக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் கொல்கத்தாலயே 1884ல அடையாளம் காட்டிட்டுப் போயி, இது விஷம் கக்குதுன்னும் ஊகிச்சிருந்தார், ஆனா எழுவது வருஷமா யாராலயும் அத நிரூபிக்க முடியல. கிருமிய ரத்தத்துல ஏத்திப் பாத்தாங்க, வயித்துக்குள்ள போட்டுப் பாத்தாங்க. டே 1953ல என்ன பண்ணார், முயலோட சின்னக் குடல்ல ஒரு துண்டு தூரத்த ரெண்டு பக்கமும் நூலால கட்டி, அந்த நடுப் பைக்குள்ள காலராக் கிருமிய விட்டார். மறுநாள் பாத்தா அந்தக் குடல் துண்டு தண்ணி ரொம்பி பலூன் மாதிரி நின்னுச்சு. நூலும் முயலும்தான், பெரிய மெஷின் எதுவும் இல்ல. 1959ல கிருமிய வடிகட்டி எடுத்துட்டு வெறும் நீர விட்டும் அதே மாதிரி ரொம்புதுன்னு காட்டினார். விஷம் இருக்கறது நிரூபணமாச்சு. அவர் காட்டினதுக்கு அப்புறம்தான் குடல் கிழியல, வேலைதான் மாறிப் போகுதுன்னு உலகம் ஒத்துக்கிட்டுச்சு, திருச்சி அக்காவுக்கு மேல சொன்ன ஓ.ஆர்.எஸ். கதையும் அந்தப் புரிதலோட சேந்ததுதான். நோபலுக்கு அவர் பேர நோபல் வாங்கின லெடர்பர்க்கே ஒரு தடவைக்கு மேல சொல்லியும் கெடைக்கல, 1985ல எறந்துட்டார், அவர் பேர நம்ம பாடப்புத்தகத்துல நான் பாத்ததே இல்ல.

இன்னொண்ணு, ஆராய்ச்சின்னா லேப் மட்டும் இல்ல. டாக்காவுக்குப் பக்கத்துல மத்லப்னு ஒரு கிராமப் பகுதி, 1966ல இருந்து அங்க யாரு பொறந்தாங்க, செத்தாங்க, கல்யாணமாகிப் போனாங்கன்னு வீடு வீடாப் போயி எழுதிட்டே இருக்காங்க, ரெண்டு லட்சம் பேருக்கும் மேல. காலராத் தடுப்பூசில இருந்து குடும்பக் கட்டுப்பாடு வரைக்கும் எத்தனையோ ஸ்டடிக்கு அந்த நோட்டுங்கதான் அஸ்திவாரம். அதுக்கு நடக்கறவங்க வேணும், எண்ணத் தெரிஞ்சவங்க வேணும், திண்ணைல உக்காந்து பேசத் தெரிஞ்சவங்க வேணும். நீ நாலு பக்கம் இவ்ளோ தெளிவா எழுதறவ. மூணாவது வருஷத்துல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் விருப்பப் பாடமா இருந்தா அத எடு, லீவுல உங்க ஊர் பி.எச்.சி. டாக்டர் கிட்ட போயி ஒரு மாசம் அவங்க ரிஜிஸ்டர் எழுத உதவி பண்றேன்னு கேளு, பேதி, காய்ச்சல், பிரசவம் எந்த மாசம் எந்தத் தெருவுல இருந்து அதிகமா வருதுன்னு ஒரு நோட்டுல தனியா எழுதிப் பாரு, ஆளுங்க பேர மட்டும் எழுதாத. எழுதினதுல என்ன தெரிஞ்சுதுன்னு எனக்கு அடுத்த கடிதம் போடு, அஞ்சு பக்கமானாலும் பரவால்ல.